கிம் யங்-ஓக்கின் பாட்டிகள் வானொலியிலிருந்து வந்தவர்கள்

2021 செப்டம்பர், அக்டோபரில் கொரியத் தொடர் பார்த்தவர்கள் ஒரே முகத்தை இரண்டு வீடுகளில் சந்தித்திருப்பார்கள். 'ஸ்க்விட் கேம்' தொடரில் கடனில் மூழ்கிய கி-ஹூனின் அம்மா ஓ மல்-சூன். 'ஹோம்டவுன் சா-சா-சா'வில் பல்வலியை மறைத்துக்கொண்டு ஊரை விரட்டும் கிம் கம்-ரி பாட்டி. இரண்டு பேரும் கதைக்குள் இறந்துபோகிறார்கள். இரண்டு சாவுமே கேமரா முன்னால் நடப்பதில்லை, வேறொருவர் வந்து பார்த்துத்தான் நமக்குத் தெரிகிறது. நடித்தவர் கிம் யங்-ஓக். அப்போது அவருக்கு 83 வயது.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தேசத்தின் பாட்டி' என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மரியாதையான பட்டம்தான், ஆனால் அது அவருடைய தொழிலை மூடி மறைத்துவிடுகிறது. நரை, சுருக்கம், வளைந்த முதுகு என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் மைக் முன்னால் நின்று தொழில் கற்றவர். அவருடைய பாட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் வேலை எங்கே நடக்கிறது என்பது பிடிபடும்.

அவர் பிறந்தது 1937 டிசம்பரில், சியோலில். வளர்ந்த வயதில் கொரியப் போர் வந்து போனது. போருக்குப் பிந்தைய அந்த நாட்டில் கதை கேட்க வானொலியை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை. 1954-ல் கிறிஸ்தவ வானொலி நிலையமான சிபிஎஸ் தொடங்கியது. அரசு வானொலிக்கு வெளியே வந்த முதல் தனியார் நிலையம் அது. 1959-ல் கோல்ட்ஸ்டார் நிறுவனம் (இன்றைய எல்ஜி) ஏ-501 என்ற வால்வு ரேடியோவைச் செய்தது. உள்நாட்டிலேயே தயாரான முதல் ரேடியோ அதுதான். அதை வாங்க முடியாத கிராமங்களில் ஓரிடத்தில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் வைத்து, வீடு வீடாகக் கம்பி இழுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் மாட்டினார்கள். நிலையத்தை மாற்றும் குமிழ் கிடையாது. வருகிற நாடகத்தை ஊரே கேட்டது.

1961 டிசம்பர் 2 அன்று சியோலில் எம்பிசி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1963-ல் டோங்-ஆ வானொலி, 1964-ல் பிறகு டிபிசி ஆன நிலையம். மூன்றே ஆண்டில் மூன்று புது நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் நாடகம் வேண்டும், நாடகத்துக்குக் குரல் வேண்டும். நிலையங்கள் பொதுத் தேர்வு வைத்து ஆளெடுத்தன. தேர்வானவர்கள் முதல் அணி, இரண்டாம் அணி என்று எண்ணப்பட்டார்கள். அந்த எண் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். வயதில் மூத்தவரானாலும் பின்னால் சேர்ந்தவர் முன்னால் சேர்ந்தவருக்கு இளையவர்தான். எம்பிசியின் முதல் அணியில் இருந்த இரண்டு பெண்கள் கிம் யங்-ஓக், நா மூன்-ஹீ. கிம் அதற்கு முன்பே சிபிஎஸ்ஸில் குரல் கொடுத்துப் பழகியவர். டோங்-ஆவின் முதல் அணியில் ஜோன் வோன்-ஜு, சா மி-ஜா, கிம் மு-செங். இந்தப் பெயர்களைத் தெரியாதவர்களுக்கும் முகங்கள் தெரிந்திருக்கும். கடந்த முப்பது ஆண்டுக் கொரியத் தொடர்களில் மாமியாராகவும் பாட்டியாகவும் தாத்தாவாகவும் வந்து போனவர்கள். ஒரு தலைமுறை முதியவர்களில் பலர் வானொலி அறையிலிருந்து வந்தவர்கள் என்பது தற்செயல் இல்லை.

அந்த அறையில் என்ன கற்றார்கள்? முதலில் காகிதம். வானொலி நாடகத்தின் ஸ்கிரிப்டைப் பின் அடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தாளும் தனித்தனி. படித்து முடித்த தாளை அடுத்ததன்மீது உரசி இழுத்தால் மைக்கில் அது காற்றில் ஓலை சரசரப்பது போலக் கேட்கும். தாளை மேலே தூக்கி, காற்றிலேயே பின்னால் கொண்டுபோக வேண்டும். வசனம் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது என்றால், மிச்ச வரியை முன்பக்கத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். வளையல், நைலான் துணி, கஞ்சி போட்ட உடை, குதிகால் செருப்பு எதுவும் அறைக்குள் ஆகாது.

அடுத்தது தூரம். ஒரே மைக்கை நாலைந்து பேர் பங்கு போடுவார்கள். தன் வசனம் வரும்போது நுனிக்காலில் வந்து, முடிந்ததும் சத்தமில்லாமல் விலகி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். காதோடு பேசும் காட்சிக்கு மைக்கிலிருந்து ஒரு சாண். சாதாரணப் பேச்சுக்கு இரண்டு சாண். தெருவிலிருந்து கூப்பிடுவதென்றால் இரண்டு அடி பின்வாங்கி முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். குரலை மட்டும் ஏற்றி இறக்கி இந்தத் தூரத்தைக் காட்டப் பார்த்தால் கேட்பவருக்கு ஆள் நகரவில்லை, கத்துகிறார் என்றுதான் படும். நடக்கிற காட்சியில் காலடிச் சத்தத்தை ஒலிப்பணியாளர் போடுவார். ஆனால் நடக்கிறவருடைய மூச்சை நடிகர்தான் போட வேண்டும். மேடேறும் பாட்டிக்கும் இறங்கும் பாட்டிக்கும் மூச்சு வேறு. சாப்பிடும் காட்சியில் உண்மையிலேயே மென்றால் சொல் குழையும். நாக்கைக் கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கிக்கொண்டு பேசினால் வாயில் சோறு இருப்பது போலவும் கேட்கும், சொல்லும் விளங்கும்.

கொரிய மொழிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. த, ப, க வரிசைகளில் மூன்று மூன்று ஒலிகள்: மென்மையாக ஒன்று, அழுத்தி ஒன்று, காற்றோடு ஒன்று. மென்மையாகச் சொன்னால் நிலா, அழுத்திச் சொன்னால் மகள், காற்றைச் சேர்த்தால் முகமூடி. மைக்குக்கு நேராக வாயை வைத்துப் பேசினால் மென்மையான ஒலியிலும் காற்று மோதி மூன்றாவது ஒலி போல வெடிக்கும். அதனால் மைக்கை நோக்கிப் பேசாமல் அதைத் தாண்டிப் பேச வேண்டும், வாயிலிருந்து வரும் காற்று மைக்கின் ஓரமாகக் கடந்து போகும்படி. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் மெய்யெழுத்து கலங்காது. கிம் யங்-ஓக்கின் வேகப் பேச்சுக்கு இதுதான் அடித்தளம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒலிநாடாவில் பதிவு செய்தாலும் நாடா விலை அதிகம், வெட்டி ஒட்ட நேரம் இல்லை. ஒருவர் தடுமாறினால் காட்சியின் தொடக்கத்திலிருந்து எல்லோரும் மறுபடி. ஆகவே தடுமாறினாலும் பாத்திரத்துக்குள்ளேயே இருந்து சமாளித்துப் போவது தொழிலின் முதல் பாடமானது. இரண்டாவது பாடம், ஒரே ஆள் ஒரே நாளில் பல வயதுகள். காலையில் தங்கை, மதியம் வேலைக்காரி, மாலையில் கிழவி. முகம் தெரியாத ஊடகத்தில் இருபது வயதுப் பெண் எழுபது வயதுக் கிழவியாக யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், குரல் மட்டும் பொய் சொல்லக் கூடாது.

குரல் பொய் சொல்லாமல் இருப்பதன் உச்சம் ஒரு சிறுவன். 1976 ஜூலையில் வெளியான 'ரோபோட் டேக்வான் வி' கொரியாவின் மிகப் புகழ்பெற்ற அனிமேஷன் படம். கிம் சொங்-கி இயக்கியது. ஜப்பானிய 'மசிங்கர்' ரோபோ கொரியக் குழந்தைகளைப் பிடித்து ஆட்டிய காலத்தில், நம்மூர் ரோபோ டேக்வாண்டோ போடட்டும் என்று செய்த படம். அதில் ரோபோவை இயக்கும் நாயகன் ஹூன், டேக்வாண்டோ வீரன். அவனுடைய உடலசைவைத்தான் ரோபோ திருப்பிச் செய்யும். ஹூனுக்குக் குரல் கிம் யங்-ஓக், அப்போது வயது 38. தெருவில் அந்தப் படத்தின் பாட்டைப் பாடித் திரிந்த பையன்கள், ஹூனின் குரலும் தொலைக்காட்சியில் வரும் அந்த அம்மாவின் குரலும் ஒன்றென்று பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்றும் கொரிய இணையத்தில் இது அவ்வப்போது 'தெரியுமா?' ரகச் செய்தியாக வந்துகொண்டிருக்கிறது.

பெண் குரலில் பையனைச் செய்வது சுருதியைக் கூட்டும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. வளர்ந்த பெண்ணின் பேச்சுச் சுருதி நொடிக்குச் சுமார் 200 அதிர்வு, பத்து வயதுப் பையனுடையது 250-ஐ ஒட்டி. வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. சுருதியை மட்டும் ஏற்றினால் கள்ளக்குரலில் பேசும் அக்காதான் கிடைப்பாள். பையனுக்குத் தொண்டையிலிருந்து உதடு வரையிலான குழாயே சின்னது, அதனால்தான் அவன் குரல் மெல்லிய தகரம் போல ஒலிக்கிறது. அதைச் செய்ய குரல்வளையைச் சற்று மேலே ஏற்றி, நாக்கை முன்னால் தள்ளி, உதட்டைப் பக்கவாட்டில் இழுத்து, மார்பு அதிராமல் முகத்தின் முன்பகுதியில் ஒலியை வைக்க வேண்டும். கூடவே மூச்சு. பெரியவர்கள் வாக்கியத்தைக் கணக்குப் போட்டு மூச்சு எடுப்பார்கள். பையன் தொடங்கிவிட்டுப் பாதியில் தீர்ந்துபோய் இழுப்பான். இந்தப் பாதி மூச்சை விட்டுவிட்டால் என்ன செய்தாலும் பையன் வரமாட்டான்.

அப்படியானால் உண்மையான பையனையே பேச வைக்கலாமே? வைக்கலாம். நாலு மணி நேரம் நின்று ஒரே வசனத்தை ஒரே உணர்ச்சியில் பத்து முறை சொல்ல வேண்டும், அடுத்த பாகம் வரும்போது அவன் குரல் உடைந்திருக்கக் கூடாது. டேக்வான் விக்கு அடுத்தடுத்துப் பாகங்கள் வந்தன.

அனிமேஷனிலும் படத்தை முதலில் வரைந்து முடித்துவிட்டுக் குரலைப் பிறகு ஒட்டும் காலம் அது. வரைந்த வாய்க்கு மூன்று நான்கு வடிவங்கள்தான். எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்று பொருத்த முடியாது. வாய் திறக்கும் கணமும் மூடும் கணமும் சேர்ந்தால் போதும், நடுவில் உள்ளதைக் கண் மன்னித்துவிடும். மன்னிக்காதது மூடிய வாயிலிருந்து வரும் சொல். வசனம் நீண்டுவிட்டால் மூச்சைச் சுருக்குவார்கள், வேகத்தைக் கூட்ட மாட்டார்கள். வேகம் கூடினால் பாத்திரத்தின் குணமே மாறிப்போகும். சண்டைக் கூச்சல்களைப் பதிவின் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது எல்லா டப்பிங் அறைகளிலும் உள்ள வழக்கம். டேக்வாண்டோ கத்தலை முதலிலேயே கொடுத்துவிட்டால் குரல்நாண் வீங்கி, அன்றைக்கு மிச்சமுள்ள மென்மையான வசனமெல்லாம் கரகரக்கும். கத்தும்போதும் தொண்டையால் தள்ளக் கூடாது. அடிவயிற்றிலிருந்து காற்று வர வேண்டும், முகம் மைக்குக்குக் குறுக்கே திரும்பியிருக்க வேண்டும்.

இந்த நிலை அனிமேஷனில் மட்டுமல்ல. 1980கள் வரை கொரியப் படங்களில் படப்பிடிப்புத் தளத்து ஒலி பெரும்பாலும் பயன்படவில்லை. நட்சத்திரத்தின் முகத்துக்குக் குரல் நடிகர் ஒருவர் குரல் கொடுப்பார். கோ உன்-ஜங் என்ற ஒரே குரல் நடிகை பல முன்னணிக் கதாநாயகிகளுக்குப் பேசினார். திரையில் உதடசைத்தவருக்குச் சுவரொட்டி, இருட்டறையில் பேசியவருக்குச் சம்பளம்.

இனி தொலைக்காட்சி. அரசு நிலையமான கேபிஎஸ் 1961-ன் கடைசி நாளில் தொலைக்காட்சியைத் தொடங்கியது, டிபிசி 1964-ல், எம்பிசி 1969 ஆகஸ்டில். வானொலிக்காரர்கள் கும்பலாகத் தாவினார்கள். தாவிய இடத்தில் இரண்டு சிக்கல். ஒன்று மனப்பாடம்: கையில் தாள் இல்லாமல் நிற்கப் பழக வேண்டும். மற்றொன்று இன்னும் ஆழமானது. வானொலியில் துக்கம் முழுவதையும் குரல் சுமக்கும். தொலைக்காட்சியில் அதே குரலோடு முகமும் அழுதால் இரட்டிப்பாகி நாடகத்தனமாகிவிடும். பலர் முகத்தைக் குறைத்துப் பார்த்துத் தோற்றார்கள். குறைக்க வேண்டியது குரலை. கிம் யங்-ஓக்கின் தொலைக்காட்சி நடிப்பில் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். முகத்தில் கோபம் இருக்கும்போது குரல் சாதாரணமாக இருக்கும், குரல் உடையும்போது முகம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்: கீரை ஆய்வது, துணி மடிப்பது.

அவர் முப்பதுகளிலேயே பாட்டி வேடத்துக்கு வந்துவிட்டார். கொடுமை என்று இன்று தோன்றலாம். அன்றைக்கு உண்மையிலேயே வயதான நடிகைகள் குறைவு. முந்தைய தலைமுறைப் பெண்களில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களே சிலர், வந்தவர்களிலும் கல்யாணத்தோடு நின்றவர்கள் பலர். கறுப்பு வெள்ளைத் திரையில் தலைக்குப் பவுடர் பூசி, கன்னத்தில் கோடு இழுத்தால் ஒப்பேற்றிவிடலாம். 1980 டிசம்பரில் வண்ண ஒளிபரப்பு வந்ததும் ஒப்பனை அம்பலமானது. (அதே வாரத்தில்தான் ராணுவ ஆட்சி டிபிசியையும் டோங்-ஆ வானொலியையும் கேபிஎஸ்ஸோடு வலுக்கட்டாயமாக இணைத்தது. நடிகர்கள் ஒரே இரவில் நிலையம் மாறிப்போனார்கள்.) முகத்தை எவ்வளவு கிழடாக்கினாலும் கழுத்தும் புறங்கையும் காட்டிக்கொடுத்துவிடும். பார்வையாளரின் கவனம் கழுத்துக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் காது நம்ப வேண்டும்.

கிழக்குரல் செய்கிறேன் என்று வருகிற இளம் நடிகர்கள் எல்லோரும் முதலில் நடுக்கத்தைக் கொண்டுவருவார்கள், கூடவே கீச்சென்ற சுருதியை. இரண்டுமே தவறு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு சுருதி இறங்கும். ஆண்களுக்குத்தான் முதுமையில் சற்று ஏறும். குரல்நாண்களின் தசை மெலிந்து அவை நடுவில் முழுதாக ஒட்டாமல் போகும். அந்த இடுக்கில் காற்று கசியும். அதனால் சொல்லோடு ஒரு மெல்லிய ஊதலும் சேர்ந்து வரும், காற்று சீக்கிரம் தீரும். இளையவர் ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியத்தை முதியவர் இரண்டாக, மூன்றாக உடைப்பார். முதுமை நடுக்கத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது, மூச்சை எங்கே எடுக்கிறார் என்பதில்தான் அதிகம்.

எங்கே உடைப்பது என்பதுதான் கலை. தமிழைப் போலவே கொரியனிலும் வினை கடைசியில் வரும். மரியாதை, நெருக்கம், கோபம் எல்லாம் அந்த வினையின் வாலில்தான் ஒட்டியிருக்கும். மூச்சு தீர்ந்து வாலை விழுங்கிவிட்டால், பாட்டி மகனிடம் பேசினாளா வீட்டுக்காரரிடம் பேசினாளா என்பதே போய்விடும். கிம் யங்-ஓக் வாக்கியத்தின் நடுவைத் தளர விடுவார். வினைக்கு முன்னால் சட்டென்று ஒரு சின்ன மூச்சு. பிறகு வினை முழுசாக, தெளிவாக வந்து விழும். உடம்பு தளர்ந்தாலும் வீட்டு அதிகாரம் தளராத ஆள் என்று அந்த ஒரு மூச்சு சொல்லிவிடும்.

'ஸ்க்விட் கேம்' இரண்டாவது பகுதியில் மருத்துவமனைக் காட்சியை இப்படிக் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயால் மல்-சூனின் பாதம் புண்ணாகி, காலையே எடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். மகன் காப்பீட்டை முன்பே முறித்துப் பணமாக்கிச் செலவழித்துவிட்டான். அவள் படுக்கையிலிருந்து எழுந்து வெளியே நடக்கிறாள். மகன் தடுக்கிறான். இப்படியொரு காட்சியில் அழுகுரலுக்கும் நடுக்கத்துக்கும் எத்தனை வாய்ப்பு. கிம் இரண்டையும் தொடவில்லை. எரிச்சல்தான் இருக்கிறது. காய்கறிக்கடைக்கு நேரமாகிவிட்டது என்கிற தினப்படி எரிச்சல். வலி மூச்சில் மட்டும் தெரிகிறது: அடி எடுத்து வைக்கும்போது சொல் அறுந்து, கால் ஊன்றியதும் தொடர்கிறது. நடையின் மூச்சை நடிகர்தான் போட வேண்டும் என்ற வானொலி விதி அறுபது ஆண்டு கழித்து நெட்ஃபிளிக்ஸில் வேலை செய்கிறது. தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்கள் இந்த ஒரு காட்சியையாவது கொரிய ஒலிக்கு மாற்றி, இயர்போனில் கேட்க வேண்டும். டப்பிங் மோசம் என்று இல்லை. நடையோடு அறுபடும் மூச்சை வேறொரு ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து பிடிப்பது யாருக்கும் கடினம்.

இதற்கு நேரெதிர் முனையில் 'ஓல்ட் மிஸ் டைரி'. கேபிஎஸ்ஸில் 2004 முதல் 2005 வரை தினமும் வந்த நகைச்சுவைத் தொடர். அதில் மூன்று சகோதரிப் பாட்டிகளில் மூத்தவராக வந்தார் கிம் யங்-ஓக், வசைபாடுவதில் ராணி. நிறுத்தாமல், ஒரு வசையின் வால் அடுத்த வசையின் தலையைத் தொடும்படி கொட்டுவார். அந்தத் துணுக்குகள் இணையத்தில் சுற்றி, பாட்டியையும் அமெரிக்க ராப் பாடகர் எமினெமையும் ஒட்டி 'ஹல்மினெம்' என்று பெயர் வைத்தார்கள். 2016-ல் ஜேடிபிசி தொலைக்காட்சி மூத்த பெண்களை ராப் பாட வைத்த 'ஹிப் ஹாப் நேஷன்' நிகழ்ச்சியில் 78 வயதில் உண்மையாகவே ராப் பாடினார். வேடிக்கை நிகழ்ச்சிதான். ஆனால் வேகத்தில் ஒரு மெய்யெழுத்தும் கலங்கவில்லை என்பது வேடிக்கை இல்லை. வேகமாகப் பேசுவதன் இரகசியம் நாக்கில் இல்லை. எங்கே மூச்சைத் திருடுவது என்பதில் இருக்கிறது. காற்று வெடிக்கும் மெய்களில் காற்றைச் சிக்கனமாகச் செலவழித்தால் ஒரு மூச்சில் இன்னும் நாலு சொல் வரும். மைக்கின் ஓரமாகக் காற்றை விடப் பழகியவருக்கு அது கைவந்த கலை.

வட்டார வழக்கையும் சொல்ல வேண்டும். சியோல் பேச்சில் சொல்லுக்குள் சுருதி ஏற்ற இறக்கம் பொருளை மாற்றாது. கிழக்குக் கடற்கரை கங்வோன் வழக்கிலும் தென்கிழக்கு கியங்சாங் வழக்கிலும் மாற்றும். சியோல்காரர்கள் இந்த வழக்குகளைப் பேசும்போது வினைமுடிவை மட்டும் மாற்றிவிட்டுச் சுருதியைக் கோட்டை விடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள். கம்-ரி பாட்டி பேசுவது கங்வோன் வழக்கு. சியோலில் பிறந்த கிம் அதைச் சொல்சொல்லாக ஒட்டாமல், முழு வாக்கியத்தின் மெட்டாகப் பிடித்திருக்கிறார். குரலை வேறு வேறு ஆட்களாக மாற்றிப் பழகிய காது இங்கே உதவுகிறது. 2016-ல் டிவிஎன் ஒளிபரப்பிய 'டியர் மை பிரெண்ட்ஸ்' தொடரில் கோ டூ-ஷிமின் அம்மாவாக வந்தார். அம்மாவுக்கும் மகளுக்கும் நிஜத்தில் 14 வயதுகூட வித்தியாசம் இல்லை. யாருக்கும் உறுத்தவில்லை.

அந்தத் தொடரில் நா மூன்-ஹீயும் உண்டு. எம்பிசி முதல் அணித் தோழி, வயதில் நான்கு ஆண்டு இளையவர். இவருடைய பாதை வேறு மாதிரி வளைந்தது. 1995-ல் கேபிஎஸ் தினத்தொடர் ஒன்றில் வட கொரியப் பகுதி வழக்கு பேசும் பாட்டியாக நடித்து அந்த நிலையத்தின் ஆண்டுப் பெரும்பரிசை வாங்கினார். 2017-ல் 'ஐ கேன் ஸ்பீக்' படத்துக்காக 75 வயதில் கொரியத் திரைப்பட விருதான புளூ டிராகனில் சிறந்த நடிகை விருது. ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களில் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்வதுதான் அதன் உச்சக்காட்சி. 2007 பிப்ரவரியில் உண்மையில் நடந்த சாட்சியத்தை ஒட்டியது. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய அந்த நீண்ட வசனத்தில் உச்சரிப்பைச் செம்மையாக்கியிருந்தால் காட்சி செத்திருக்கும். நா கொரிய நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு, நிறுத்தங்களை மட்டும் கட்டுப்படுத்துகிறார்.

இருவரையும் இணைக்கும் ஒரு பெயர்ச் சங்கதி உண்டு. 2014-ல் வந்த 'மிஸ் கிரானி'யில் இருபது வயதுக்குத் திரும்பும் பாட்டி நா மூன்-ஹீ. பாத்திரத்தின் பெயர் ஓ மல்-சூன். அதை இயக்கிய ஹ்வாங் டோங்-ஹ்யுக் ஏழு ஆண்டு கழித்து 'ஸ்க்விட் கேம்' எடுத்தபோது அதே பெயரைக் கிம் யங்-ஓக்கின் பாத்திரத்துக்கு வைத்தார். 'மிஸ் கிரானி' பல நாடுகளில் மறுஆக்கமானது. தெலுங்கில் 2019-ல் 'ஓ! பேபி'. சமந்தா இளமையில், முதுமையில் நம் லட்சுமி. இந்தக் கதை எந்த மொழியில் எடுத்தாலும் இளைய நடிகைதான் அதிக நேரம் திரையில் இருப்பார். ஆனால் அவர் நகலெடுக்க வேண்டிய பேச்சை முதல் அரை மணிக்குள் மூத்தவர் போட்டுவைத்துவிட வேண்டும். கொரியப் படத்தில் இளையவராக நடித்த ஷிம் உன்-கியங் வாங்கிய பாராட்டில் ஒரு பங்கு நா போட்டுவைத்த அந்த இழுவைக்கும் நிறுத்தத்துக்கும் சேரும்.

கிம்மின் நீண்ட வாழ்க்கையில் குறை ஒன்று உண்டென்றால் அது தலைமைப் பாத்திரம். யாருக்கோ அம்மா, யாருக்கோ பாட்டி. 'காபி பிரின்ஸ்' (2007) நாயகனின் பாட்டி என்றால் கே-டிராமா ரசிகர்களுக்கு உடனே நினைவு வரும். இந்தப் பாத்திரங்களுக்குச் சொந்தமாகக் கதை கிடையாது. நாயகனைத் திட்டுவது, கல்யாணத்துக்கு நச்சரிப்பது, பதின்மூன்றாம் பகுதியில் மயங்கி விழுவது. 2024 பிப்ரவரியில் வந்த 'பிக்னிக்' (கொரியப் பெயர் 'சோபுங்', இயக்கம் கிம் யோங்-கியுன்) அதைச் சற்றே ஈடுகட்டியது. அறுபது ஆண்டுக்குப் பிறகு சொந்த ஊரான தெற்குத் தீவு நம்ஹேவுக்குத் திரும்பும் இரண்டு தோழிகள்: நா மூன்-ஹீ, கிம் யங்-ஓக். அப்போது கிம்முக்கு 86. ஆரம்பப் பகுதி தொய்வுதான், பின்னணி இசையும் தேவைக்கு மேல். ஆனால் இரண்டு பேரும் ஒருவர் பேச்சின் மீது மற்றவர் பேசும் இடங்களைக் கேளுங்கள். வழக்கமாகப் படப்பிடிப்பில் வசனம் ஒன்றன்மீது ஒன்று ஏறினால் ஒலிப்பதிவாளர் முகம் சுளிப்பார், படத்தொகுப்பில் வெட்ட முடியாது என்பதால். இவர்கள் ஏறுகிறார்கள், ஆனால் முக்கியமான சொல் எப்போதும் மற்றவருடைய மூச்சில் வந்து விழுகிறது. ஒரே மைக்கைப் பங்கு போட்டு வளர்ந்தவர்களுக்கு மட்டும் வரும் பழக்கம்.

முதுமையைக் காட்டுவதில் படம் ஒளிவுமறைவு பார்க்கவில்லை: முதுகுவலி, அடங்காத சிறுநீர், பிள்ளைகளின் கடன். கிம்மின் பாத்திரம் வலியில் முனகும் இடங்கள் நிறைய. முனகல் என்பது குரல் நடிகருக்குத் தனிப் பாடம். வெளிமூச்சில் முனகினால் நாடகம், உள்மூச்சில் முனகினால் வலி. வலியுள்ள உடம்பு முதலில் மூச்சை அடக்கும், பிறகுதான் விடும். படத்தில் அவர் படுக்கையிலிருந்து எழ முயலும்போது முதலில் சத்தமே வருவதில்லை.

வானொலி அறையிலிருந்து திரைக்கு ஏறிய இந்த ஏணி இப்போது இல்லை. எம்பிசியின் வார இறுதி அயல்மொழிப் படம் 1969-ல் தொடங்கி 2010-ல் நின்றது, கேபிஎஸ்ஸுடையது 2014-ல். வசன வரிகளோடு பார்க்க மக்கள் பழகிவிட்டார்கள், வானொலி நாடகமும் சுருங்கிவிட்டது. குரல் நடிகர்கள் இன்று கணினி விளையாட்டு, அனிமேஷன், ஒலிநூல் என்று போகிறார்கள், அங்கே பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனி அறையில் தனியாகப் பேசிப் பதிவு செய்கிறார்கள். ஒருவர் தடுமாறினால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எடுக்கலாம். வசதிதான். எதிரே நிற்பவரின் மூச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சி அங்கே கிடைக்காது. அடுத்த இருபது ஆண்டில் பாட்டி வேடத்துக்கு வரப்போகிறவர்கள் மேடையிலிருந்தும் 1990களின் தொலைக்காட்சியிலிருந்தும் வருவார்கள். நன்றாகவே நடிப்பார்கள். அவர்களுடைய பாட்டிகள் வேறு மாதிரி மூச்சு விடுவார்கள்.

கிம் யங்-ஓக்கைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 'ஹோம்டவுன் சா-சா-சா'தான் எளிய வாசல். கம்-ரி வரும் காட்சிகள் சிதறிக் கிடக்கும், மூன்று பாட்டிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடங்களை மட்டும் தேடிப் பிடித்தால் போதும். பிறகு 'டியர் மை பிரெண்ட்ஸ்', பதினாறு பகுதி. கடைசியாக 'டேக்வான் வி': பழைய பிரதி ஒன்றைக் கண்டெடுத்து டிஜிட்டலில் சீராக்கி 2007 ஜனவரியில் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். ஓவியம் இன்றைய கண்ணுக்குக் கரடுமுரடாக இருக்கும், கதையும் குழந்தைத்தனம். ஹூன் ரோபோவின் தலைக்குள் ஏறும் காட்சி வந்தால் வேகத்தை மாற்றாமல் பாருங்கள்.